கொடியிலேயே கோயில்... கம்போடியா பற்றி இந்த விஷயங்கள் தெரியுமா?

ஒரு நாட்டின் தேசியக் கொடியில் கோயில் இருக்குமா? கம்போடியாவின் கொடியில் இருக்கு! நீலம், சிவப்புப் பட்டைகளுக்கு நடுவே வெள்ளை நிறத்தில் நிற்பது அங்கோர் வாட்.

எங்கே இருக்கு?

தாய்லாந்து, லாவோஸ், வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளுக்கு நடுவில் இருக்கும் தென்கிழக்கு ஆசிய நாடு இது. தலைநகர் புனோம் பென். பணம் ரியெல். மக்கள் பேசுவது கெமர் மொழி. அந்த மொழியின் எழுத்து, நம்ம பல்லவர் கால எழுத்திலிருந்து வளர்ந்தது.

விஷ்ணு கோயில், புத்தர் கோயிலானது எப்படி?

12-ம் நூற்றாண்டில் மன்னர் இரண்டாம் சூரியவர்மன் விஷ்ணுவுக்காகக் கட்டியதுதான் அங்கோர் வாட். சுற்றிலும் அகலமான அகழி. சுவரில் பாற்கடல் கடையும் காட்சி நீளமாகச் செதுக்கப்பட்டிருக்கு. பின்னாளில் மக்கள் பௌத்தத்துக்கு மாற, கோயிலும் பௌத்தத் தலமானது. இன்றும் புத்த பிக்குகள் இங்கே வழிபடுகிறார்கள்.

ரத்தம் சிந்திய 4 ஆண்டுகள்

1975 முதல் 1979 வரை போல் பாட் தலைமையிலான கெமர் ரூஜ் ஆட்சி. பட்டினி, நோய், கட்டாய உழைப்பு, படுகொலை என சுமார் 17 லட்சம் பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அந்த ஆட்சியின் கொடியிலும் இதே கோயில் உருவம்தான் இருந்தது!

போர்க்காலத்தில் கோயில்களின் சிலைகள் திருடப்பட்டு வெளிநாடுகளுக்குப் போயின. பராமரிக்கவும் ஆளில்லை. இந்தியத் தொல்லியல் துறை 1986 முதல் 1993 வரை அங்கோர் வாட்டில் சீரமைப்புப் பணி செய்தது. 1992-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதே, ஆபத்தில் உள்ள சின்னங்கள் பட்டியலிலும் அங்கோரைச் சேர்த்தது. 2004-ல்தான் அதிலிருந்து வெளியே வந்தது. திருடுபோன சிலைகளும் இப்போது ஒவ்வொன்றாகத் திரும்புகின்றன. 2013-ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியம் இரண்டு சிலைகளைத் திருப்பித் தந்தது.

இப்போ என்ன பிரச்சினை?

தண்ணீர்தான்! கோயில்களின் அஸ்திவாரம் மணல் மேல் நிற்கிறது. நிலத்தடி நீர் இருக்கும் வரைதான் அந்த மணல் கெட்டியாக இருக்கும். ஆனால் கோயிலைப் பார்க்க வரும் கூட்டத்துக்காக, பக்கத்து ஊரான சியெம் ரீப்பில் ஹோட்டல்கள் பெருகி, போர் போட்டு நீரை உறிஞ்சுகின்றன. நீர்மட்டம் இறங்கினால் மணல் இளகும், கல் சரியும் என்பது நிபுணர்களின் கவலை.

சுற்றுலாவை நம்பித்தான் அந்த ஊரே பிழைக்குது. கூட்டமும் வேணும், கோயிலும் நிக்கணும். கம்போடியாவுக்கு இப்போ இருக்கும் சவாலே இதுதான்.