கழிவு என்னும் சொல்லும் நொய்யல் வழக்கும்

கோவையிலிருந்து அவிநாசி செல்லும் பெருவழியில், விசைத்தறிகள் மிகுந்த சோமனூரை அடுத்துள்ளது கருமத்தம்பட்டி. 2021-இல் அது நகராட்சியாயிற்று. அதன் தெற்கே நொய்யல் திருப்பூரை நோக்கிச் செல்கின்றது. வெள்ளியங்கிரி மலையில் தோன்றிக் காவிரியொடு கலக்கும் இவ்வாற்றைப் பேரூர்ப் புராணம் காஞ்சிமாநதி எனப் போற்றும்.

கொங்கு உழவர் வழக்கில் குப்பை என்பது எருவையும் குறிக்கும். தொழுவத்துச் சாணமும் அடுப்புச் சாம்பலும் குப்பைக் குழியில் மக்கி நிலத்தை அடைந்தன. கழிவென ஒதுக்கத்தக்கது சிறிதே. சாயத்தொழில் பெருகியபின் இந்நிலை மாறிற்று. சாயம் பருத்தியிற் பற்றுதற்கு இடும் உப்பு மக்காது. நீரோடு கலந்து தாழ்நிலம் சேரும். திருப்பூர்ச் சாயக்கழிவு ஆற்றில் விடப்பட்டமையால், பாசனத்தின் பொருட்டு 1992-இல் முடிக்கப்பெற்ற ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவின் தேக்கமாயிற்று, கிணறுகளும் உவர்த்தன.

இக்கேட்டை எதிர்த்து நொய்யல் ஆயக்கட்டு உழவர் வழக்காடினர். 28-1-2011 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. பின்னர், கழிவுநீரை வெளிவிடாது தூய்மைசெய்து மீளப் பயன்படுத்தும் ஆலைகளே இயங்க ஒப்புதல் பெற்றன. ஆயினும், நீர் மீண்டபின் எஞ்சும் கலப்பு உப்பு கிடங்குகளிற் குவிந்தது.

இவற்றால் யாம் துணிவது ஒன்று. கழிவு கழிந்து போவதில்லை, இடம் பெயர்கின்றது. ஓரூர் கழித்தது பிறிதோர் ஊரின் சுமையாகின்றது. இவ்வுண்மையை மேலூரார் உணர்தற்குக் கீழூரார் நீதிமன்றம் ஏறவேண்டியதாயிற்று. ஆகலின், கருமத்தம்பட்டி போலப் புதிதாய் நகராகும் ஊர்கள், தம் குப்பையை எங்கே அனுப்புவது என ஆராயுமுன், அதனை ஏற்போர் யாவர் என வினவுதல் வேண்டும்.