காலி உறையில் விற்ற பொம்மை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டதும், தொழில் பற்றித்தான் எழுதுவேன் என்று நினைத்திருப்பார்கள். தொழில் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் பொம்மை வழியாக. பிளாஸ்டிக் மோல்டு செய்கிறவன் வேறு எதைப் பிடிப்பான்?

'ஸ்டார் வார்ஸ்' படம் அமெரிக்காவில் 1977 மே 25 அன்று வெளிவந்தது. நான் அப்போது பிறக்கவே இல்லை. அதன் பொம்மைகளைச் சேகரிக்கும் மூத்தவர்கள் முதலில் நினைவுகூர்வது பொம்மையை அல்ல, காத்திருந்ததை!

கதை இதுதான். பொம்மை உரிமையை மெகோ என்ற பெரிய கம்பெனி வேண்டாம் என்றது. சின்சினாட்டி நகரத்துக் கென்னர் கம்பெனி வாங்கியது. அதுவும் படம் வெளிவருவதற்குச் சற்று முன்புதான். படம் இப்படி ஓடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஏழே மாதம். உருவத்தைச் செதுக்கி, எஃகில் மோல்டு வெட்டி, சோதனை பார்த்து, பெயின்ட் அடித்து, லட்சக்கணக்கில் அனுப்ப வேண்டும். டூல் ரூமில் நின்றவர்களுக்குத் தெரியும், எஃகு யாருக்காகவும் அவசரப்படாது.

புதிர்ப் படம், போர்டு கேம் போன்ற அட்டைச் சாமான்கள் அந்த ஆண்டே கடைக்கு வந்துவிட்டன. பொம்மைக்கு என்ன செய்வது? கென்னர் தலைவர் பெர்னார்ட் லூமிஸ் துணிந்து ஒரு அட்டை உறையை விற்றார். உள்ளே பொம்மை கிடையாது. படம் போட்ட அட்டை, ஸ்டிக்கர், ஒரு சான்றிதழ், அவ்வளவுதான். சான்றிதழைத் தபாலில் அனுப்பினால் 1978 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் இடையில் நான்கு பொம்மைகள் வீடு தேடி வரும்: லூக், இளவரசி லேயா, சூபாக்கா, ஆர்2-டி2. காலிப் பெட்டி என்று சிரித்தவர்கள் உண்டு. ஆனால் பொம்மைகள் வந்து சேர்ந்தன. 1978-இல் முதல் 12 பொம்மைகளும் கடைகளில் தொங்கின. பின்பக்கம் 12 படங்கள் உள்ள அந்த அட்டையைச் சேகரிப்பவர்கள் இன்றும் 'ட்வெல்வ் பேக்' என்கிறார்கள்.

அளவையும் கவனியுங்கள். அதுவரை ஜி.ஐ. ஜோ போன்ற வீரப் பொம்மைகள் 12 அங்குலம். இந்தப் படத்திலோ ஒற்றையாள் விண்கலமே ஆளைவிட ஏழு மடங்கு நீளம். கணக்குப் போட்டால் பொம்மைக் கலம் 7 அடி வரும், எந்த வீட்டில் வைப்பது? கென்னர் 3¾ அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தது. கலத்துக்குள் பொம்மையை உட்கார வைக்க முடிந்தது. பிற கம்பெனிகளும் பின்னால் அந்த அளவுக்கு வந்தன.

ஆரம்ப லூக் பொம்மை சிலவற்றில் ஒளிவாள் இரண்டு அடுக்காக நீளும். பிறகு அதை ஒரே அடுக்காக எளிமையாக்கிவிட்டார்கள். நமக்கு அது ஒரு சாதாரண டிசைன் மாற்றம். சேகரிப்பவருக்கோ பொக்கிஷம்!

கென்னரின் சின்சினாட்டி அலுவலகம் 2000-இல் மூடப்பட்டது. காலி உறையை மட்டும் யாரும் மறக்கவில்லை. 2005-இல் ஹாஸ்ப்ரோ அதையே மறுபடி செய்து விற்றது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமே என்று, முடியாத தேதியைச் சொல்லும்படி நாளை உங்களையும் நெருக்குவார்கள். கென்னர் கிறிஸ்துமஸுக்குத் தருகிறேன் என்று சொல்லவில்லை, ஜூன் வரை ஆகும் என்று அச்சடித்தே கொடுத்தது. மோல்டுக்கு எத்தனை நாள் ஆகும் என்பதை உள்ளபடி சொல்லுங்கள். குழந்தைகளே காத்திருந்தார்கள், கஸ்டமர் காத்திருக்க மாட்டாரா?