பழகிய கால்கள்



இன்று செப்டம்பர் 1. ஆசிரியர் தின வாழ்த்து அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். இன்றைய நாள் ஜப்பானில் பேரிடர் தடுப்பு நாள். 1923 இல் இதே தேதியில், பகல் 11.58 மணிக்கு, தோக்கியோ பக்கம் பெரிய நிலநடுக்கம் வந்தது. வீட்டுக்கு வீடு மதியச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம். அடுப்புகளிலிருந்து பிடித்த தீயும் சேர்ந்து ஒரு லட்சம் பேருக்கு மேல் இறந்தார்கள். 1959 புயலில் 5,000 பேருக்கு மேல் மாண்ட பிறகு, 1960 இல் இந்த நாளை அரசு அறிவித்தது. மறு ஆண்டு வந்த சட்டம், ஒத்திகை நடத்துவதை நகராட்சிகளின் கடமையாகவே ஆக்கியது. வெள்ளம் வந்ததாக, பூமி அதிர்ந்ததாக வைத்துக்கொண்டு சைரன் ஊதுவார்கள். மக்கள் எழுந்து நடப்பார்கள்.

இதைப் பற்றி வாசித்தபோது, ஓர் ஊரின் கதையில் நின்றுவிட்டேன். நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

வடகிழக்குக் கடற்கரையில் காமாய்ஷி என்று ஒரு நகரம். அதன் ஒரு பகுதி உனோசுமாய். சுனாமி அந்தக் கரைக்குப் புதிதல்ல. 1896 இல் வந்த சுனாமியில் அந்தக் கரையோரம் முழுவதும் சேர்த்துச் சுமார் 22,000 பேர் போனார்கள். 1933 மார்ச் 3 இல் வந்தது இன்னொன்று. அதனால் அங்கே 'தெண்டென்கோ' என்று ஒரு வழக்கு உண்டு. அலை வந்தால் அவரவர் தனித்தனியே ஓடு, அம்மாவைத் தேடிப் போகாதே என்று பொருள். கேட்கக் கொடுமையாக இருக்கிறது. ஆனால் அம்மாவும் ஓடியிருப்பாள் என்று பிள்ளை நம்ப வேண்டும், பிள்ளை ஓடியிருக்கும் என்று அம்மா நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்குத்தான் முன்கூட்டியே பழக வேண்டியிருக்கிறது.

கடாடா என்ற பேராசிரியர் அந்த நகரப் பள்ளிகளில் பல ஆண்டுகள் இதைச் சொல்லிக்கொடுத்தார். ஆபத்து வரைபடத்தை முழுதாக நம்பாதே, அந்தக் கணத்தில் முடிந்த அளவு செய், முதலில் ஓடுகிறவனாக நீ இரு. அவர் பாடத்தின் சாரம் இதுதான். உனோசுமாயில் தொடக்கப் பள்ளியும் நடுநிலைப் பள்ளியும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. பெரிய பிள்ளைகள் சின்னவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போகும் ஒத்திகையையும் சேர்ந்தே செய்தார்கள்.

2011 மார்ச் 11, பிற்பகல் 2.46. நிலம் குலுங்கியது. மின்சாரம் போனதால் ஒலிபெருக்கி வேலை செய்யவில்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவிப்புக்குக் காத்திராமல் ஓடினார்கள். மூன்றாம் மாடிக்கு ஏறியிருந்த தொடக்கப் பள்ளிக் குழந்தைகள், அண்ணன் அக்காமார் ஓடுவதைப் பார்த்து இறங்கித் தாங்களும் ஓடினார்கள். குறித்துவைத்திருந்த இடத்தை அடைந்ததும், பின்னாலிருந்த பாறைச் சரிவு இடிவதை ஊர்ப் பாட்டி ஒருவர் காட்டினார். இன்னும் மேலே போனார்கள். அங்கும் நிற்காமல் அதற்கும் மேலே. வரைபடத்தில் தண்ணீர் வராது என்று காட்டியிருந்த பள்ளிக் கட்டிடம் மூழ்கியது. மேட்டுக்கு ஓடிய அந்த ஐந்நூற்றுச் சொச்சம் பிள்ளைகளில் ஒருவரும் சாகவில்லை.

பெரும்பாலும் இந்தக் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுகிறார்கள். 'காமாய்ஷி அதிசயம்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அதே உனோசுமாயில் பேரிடர் தடுப்பு மையம் என்று ஓர் இரண்டு மாடிக் கட்டிடம் இருந்தது. 2010 இல் திறந்தது. அது சுனாமிக்கு ஒதுங்கும் இடமே அல்ல. நிலைமை அடங்கிய பிறகு தங்குவதற்கான இடம். சுனாமிக்குக் குறித்திருந்த இடங்கள் மேட்டில் இருந்தன. ஆனால் ஒத்திகைக்கு முதியவர்கள் வர வேண்டுமே! மேட்டில் ஏறுவது சிரமம், மார்ச் மாதக் குளிர் வேறு. அருகில் இருந்தால் நிறையப் பேர் வருவார்கள் என்று ஒத்திகையை அந்த மையத்திலேயே நடத்தினார்கள். நகராட்சியும் சரி என்றது. 1933 சுனாமியின் நினைவு நாளான மார்ச் 3 அன்று, அதாவது பேரலைக்கு எட்டு நாள் முன்பு, அப்படித்தான் நடந்தது.

மார்ச் 11 அன்று மக்கள் ஒழுங்காக, பழகிய இடத்துக்கே போனார்கள். தண்ணீர் இரண்டாம் மாடியின் கூரையை எட்டியது. நகராட்சி அமைத்த விசாரணைக் குழுவின் கணிப்பில் அங்கே சுமார் 160 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் 30 சொச்சம் பேர். அவர்கள் அலட்சியம் செய்தவர்கள் அல்லர். ஒத்திகைக்கு ஒழுங்காக வந்தவர்கள்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2004 ஜூலை 16 இல் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் போனார்கள். அதன் பிறகு எங்கள் பள்ளியிலும் தீ ஒத்திகை நடந்தது. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். அப்போது நீங்கள் ஐந்தாம் வகுப்பு, மாடியில். எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். விசில் என் கையில். முன்பக்கப் படி வழியாக வரிசையாக இறங்கினோம், ஏனென்றால் விருந்தினர் நாற்காலியும் புகைப்படக்காரரும் அந்தப் பக்கம்தான். நம் வகுப்புக்கு அருகில் இருந்தது பின்பக்கப் படி. அதில் உடைந்த பெஞ்சுகள் அடுக்கிக் கிடந்தன. "டீச்சர், அந்தப் படிதானே கிட்ட இருக்கு?" என்று ஒரு பையன் கேட்டான். "பேசாம வரிசையில நில்லு" என்றேன்.

படம் நன்றாக வந்தது. பெஞ்சுகள் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை அங்கேயே கிடந்தன. நானும் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் முப்பத்தெட்டுப் பேரின் கால்களுக்கும் தூரத்துப் படியைப் பழக்கிவிட்டவள் நான்தான்.

உனோசுமாயில் உறவுகளை இழந்த சில குடும்பங்கள் நீதிமன்றம் போயின. நகராட்சி தன் பொறுப்பை ஒப்புக்கொண்டு 2018 இல் சமரசம் ஆனது. மையத்தை இடித்துவிட்டு, 2019 இல் அங்கே நினைவுப் பூங்கா அமைத்தார்கள். பள்ளிகள் இருந்த இடத்தில் விளையாட்டரங்கம் எழுந்தது. அதே ஆண்டு உலகக் கோப்பை ரக்பி ஆட்டம் அங்கே நடந்தது.

உங்களில் ஆசிரியர் ஆனவர்கள் பலர் இருக்கிறீர்கள், வருவாய்த் துறையில் இருக்கிறவர்களும் உண்டு. அடுத்த ஒத்திகைச் சுற்றறிக்கை வரும்போது, தேதி குறிக்கும் முன் ஒருமுறை பின்பக்கப் படியைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அன்று கேள்வி கேட்ட தம்பி இதைப் படித்தால் எனக்கு ஒரு போன் செய்யப்பா. இருபது வருஷமாக உனக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.