சாலிஸ்பரி பிரபுவின் கேலிச்சித்திரம்

விக்டோரியா மகாராணியார் காலத்து லண்டன் மாநகரில் 'வேனிட்டி ஃபேர்' என்றொரு வாரப் பத்திரிகை புகழ்பெற்று விளங்கியது. 1868-ஆம் ஆண்டில் தாமஸ் கிப்ஸன் போல்ஸ் என்பார் அதனைத் தொடங்கினார். மறு ஆண்டு ஜனவரி முதல், அரசியல் தலைவர்களின் கேலிச்சித்திரங்கள் வண்ணக் கல்லச்சில் முழுப்பக்க அளவில் அதில் வெளிவரலாயின. முதலில் டிஸ்ரேலியும் அடுத்து கிளாட்ஸ்டனும் இடம்பெற்றனர். இவற்றைத் தீட்டியவர் கார்லோ பெல்லெக்ரினி என்னும் இத்தாலியர். 'ஏப்', அதாவது வாலில்லாக் குரங்கு, என்பதே அவர் பூண்ட புனைபெயர். ஆளைக் கூர்ந்து நோக்கி மனத்திற் பதித்துக்கொண்டு, பின்னர் நினைவிலிருந்தே வரைவது அவர் வழக்கம்.

1869 ஜூலையில் அவர் கைக்கு அகப்பட்டவர் மூன்றாம் சாலிஸ்பரி பிரபு. எலிசபெத் அரசியாரின் அமைச்சர் வழிவந்த செஸில் குடும்பத்தினர். அவருடைய கட்சிக்கும் காலத்துக்கும் ஒவ்வாத அளவு நேர்மை உடையவர் என்ற கருத்தில் ஒரு வாசகம் படத்தின் கீழே அச்சாகியிருந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1867-இல் நகரத் தொழிலாளருக்கு வாக்குரிமையை விரிவாக்கும் மசோதாவைச் சொந்தக் கட்சியே கொண்டுவந்தபோது, அதனை ஏற்க மனமின்றி அவர் அமைச்சர் பதவியைத் துறந்தார். எனவே, கேலியினூடே பாராட்டும் கலந்திருந்தது. நாளடைவில், இப்பத்திரிகையில் பரிகசிக்கப்படுவதே ஒரு கௌரவம் எனப் பெரிய மனிதர்கள் எண்ணலாயினர்.

அவர் துறந்த பதவி எது? இந்தியா மந்திரிப் பதவியே! இங்குதான் அச்சித்திரம் நமக்கும் உரியதாகிறது. 1866-இல் அவர் அப்பதவியேற்ற வேளையில் ஒரிஸா பஞ்சம் ஏறத்தாழ பத்து லட்சம் உயிர்களைப் பலிகொண்டுவந்தது. முதல் இரண்டு மாதங்கள் தாம் வாளாவிருந்ததைப் பின்னாளில் அவரே வருத்தத்துடன் ஒப்புக்கொண்டார். 1874-இல் மீண்டும் அதே பதவிக்கு வந்தார். சென்னை மாகாணத்தை 1876 முதல் 1878 வரை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் பெரும்பகுதியும் அவர் பொறுப்புக் காலத்திலேயே நிகழ்ந்தது. ஊரைவிட்டு வெளியேறியோரின் கதைகளை நம் முன்னோர் வாய்மொழியாய்க் கேட்டிருக்கிறோம் அல்லவா?

பின்னர் அவர் மும்முறை பிரதமரானார். 1888-இல், கறுப்பு மனிதர் ஒருவரை ஆங்கிலத் தொகுதி தேர்ந்தெடுக்குமா என்று தாதாபாய் நௌரோஜியைக் குறித்து மேடையில் ஏளனம் செய்தார். அவ்வேளனமே நௌரோஜியின் பெயரை இங்கிலாந்து முழுவதும் பரப்பியது. 1892-இல் மிகச் சில வாக்குகள் வித்தியாசத்தில் நௌரோஜி லண்டனிலேயே வென்று, பாராளுமன்றத்தில் அமர்ந்தார்.

பழைய சித்திரங்களைச் சட்டமிட்டு மாட்டி ரசிப்போர் இன்றும் பலர். நாமும் ரசிப்போம். ஆயினும், லண்டன் வாசகருக்காக வரையப்பெற்ற நகைப்பு அது. ஒரிஸாவின் கண்ணீரும் சென்னையின் பசியும் அதில் இடம்பெறவில்லை. படத்தைக் காணும்போது அவற்றையும் நினைவிற் கொள்வது நம் கடன்.