மாதம் ஒரு வாக்கெடுப்பு: அவசரகாலச் சட்டமும் நாடாளுமன்றம் பயன்படுத்தாத அதிகாரமும்

"அவசரகாலச் சட்டம் மேலும் ஒரு மாதத்துக்கு நீடிக்கப்பட்டுள்ளது."

சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த வசனம் மனப்பாடம். வானிலை அறிக்கை போல மாதம் தவறாமல் வரும். யார் நீடித்தார்கள் என்று எவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அரசாங்கம் நீடித்தது, அவ்வளவுதான். உண்மையில் அந்தச் செய்தி வந்த ஒவ்வொரு தடவையும் கொழும்பில் நாடாளுமன்ற உறுப்பினர்கள் வாக்களித்திருந்தார்கள். வேண்டாம் என்று பெரும்பான்மை சொல்லியிருந்தால் அந்த மாதத்தோடு அது முடிந்திருக்கும்.

நிறைவேற்று அதிகார ஜனாதிபதி முறைமை பற்றிப் பேசும்போது, ஜனாதிபதி எல்லாம் வல்லவர், நாடாளுமன்றம் வெறும் பொம்மை என்ற சித்திரமே நமக்குப் பழகியது. 1978 அரசியலமைப்பின் எழுத்து அப்படி இல்லை. அவசரகால நிலையைப் பிரகடனம் செய்பவர் ஜனாதிபதி. அதற்கு அடிப்படை 1947 ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம். ஆனால் அரசியலமைப்பின் 155 ஆவது உறுப்புரையின்படி, பிரகடனத்தை உடனடியாக நாடாளுமன்றத்துக்கு அறிவிக்க வேண்டும். 14 நாட்களுக்குள் அங்கீகாரம் கிடைக்காவிட்டால் அது காலாவதியாகும். கிடைத்தாலும் ஆயுள் ஒரு மாதம்தான். பிரகடனத்தின் கீழ் ஜனாதிபதி ஆக்கும் ஒழுங்குவிதி ஒன்றைக் கூட நாடாளுமன்றம் தீர்மானம் மூலம் மாற்றலாம், இரத்துச் செய்யலாம்.

இந்த ஒழுங்குவிதிகள் சாதாரண சட்டங்களை மீறிச் செல்லக்கூடியவை. 1983 இல் வந்த 15ஏ என்ற ஒழுங்குவிதியை எடுத்துக்கொள்வோம். மரண விசாரணை இல்லாமலே சடலங்களைப் புதைக்கவோ எரிக்கவோ அது அதிகாரிகளுக்கு இடமளித்தது. மரண விசாரணை என்பது நாட்டின் சாதாரண சட்டம். அதை ஒதுக்கி வைக்கச் சட்டமூலம் எதுவும் நாடாளுமன்றத்துக்கு வரவில்லை, விவாதமும் நடக்கவில்லை. அந்த அதிகாரம் உயிரோடு இருக்கத் தேவைப்பட்டது மாதாந்த வாக்கு மட்டுமே.

அந்த வாக்கு ஏன் ஒருபோதும் மாறவில்லை? 1977 தேர்தலில் 168 ஆசனங்களில் 140 ஐ ஐக்கிய தேசியக் கட்சி கைப்பற்றியது. ஜே.ஆர். ஜெயவர்தன தன் கட்சி உறுப்பினர்களிடம் திகதியிடாத இராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டார். 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு நடத்தி, பொதுத்தேர்தல் இல்லாமலே அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டினார். 1983 ஓகஸ்டில் ஆறாவது திருத்தம் வந்தது. பிரிவினைக்கு எதிரான சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தனர். அதுவரை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் அ. அமிர்தலிங்கம்.

அவர்கள் இல்லாத அந்த நாடாளுமன்றத்தில்தான் 1986 இல் பத்தாவது திருத்தம் நிறைவேறியது. அதிகம் பேசப்படாத திருத்தம் இது. அவசரகால நிலை தொடர்ந்து 90 நாட்களைத் தாண்டினால் மூன்றிலிரண்டு பெரும்பான்மை வேண்டும் என்ற நிபந்தனை மூல அரசியலமைப்பில் இருந்தது. பத்தாவது திருத்தம் அதை நீக்கியது. தன் கையிலிருந்த கடிவாளத்தை நாடாளுமன்றம் தானே கழற்றிக் கொடுத்தது. அதன் பிறகு சாதாரண பெரும்பான்மையே போதுமானதாக இருந்தது.

அந்தச் சாதாரண பெரும்பான்மையும் ஒரு தடவை இல்லாமல் போனது. 2001 ஜூனில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸ் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்தை விட்டு விலகியது. நீடிப்புக்கு வாக்குகள் போதவில்லை. ஜூலையில் அவசரகால நிலை காலாவதியானது. நம்பிக்கையில்லாப் பிரேரணையைத் தவிர்க்க ஜனாதிபதி நாடாளுமன்றத்தை ஒத்திவைத்தார். போர் நடந்துகொண்டிருந்த நாட்டில், ஒரு கட்சியின் விலகல் அவசரகாலச் சட்டத்தை விழுத்தியது.

ஆனால் அப்போது நடந்த இன்னொரு விடயம் நமக்கு முக்கியமானது. அவசரகால ஒழுங்குவிதிகளில் இருந்தவற்றில் ஒரு பகுதி, விடுதலைப் புலிகள் மீதான தடை உட்பட, பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழான ஒழுங்குவிதிகளாக மறுபிறவி எடுத்தது. மாதாந்த வாக்கெடுப்புத் தேவையில்லாத வழி அது.

அதே காட்சி பத்து ஆண்டுகளின் பின் மீண்டும் வந்தது. லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டதை அடுத்து 2005 ஓகஸ்டில் கொண்டுவரப்பட்ட அவசரகால நிலை, கூட்டமைப்பு உறுப்பினர்களின் எதிர்ப்பு வாக்குகளையும் மீறி, போர் முடிந்து இரண்டு ஆண்டுகள் தாண்டியும் நீடிக்கப்பட்டது. இனி நீடிக்கப்படாது என மஹிந்த ராஜபக்ஷ 2011 ஓகஸ்ட் 25 அன்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். சில நாட்களுக்குள் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் புதிய ஒழுங்குவிதிகள் வர்த்தமானியில் வெளிவந்தன. தடுப்பில் இருந்தவர்கள் தடுப்பிலேயே இருந்தார்கள். உயர் பாதுகாப்பு வலயங்களுக்கு இருந்த அவசரகால அடிப்படை அற்றுப்போனது, வேலிகளோ அப்படியே நின்றன. 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிக்கும் அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. இம்முறை அடிப்படை காணி சுவீகரிப்புச் சட்டம். அதற்கும் நாடாளுமன்ற வாக்கெடுப்பு வேண்டியதில்லை.

ஆகவே ஒரு வர்த்தமானி வெளிவரும்போது நாம் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது, அதற்கு நாடாளுமன்ற அங்கீகாரம் தேவையா என்பதைத்தான். பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் 9 ஆவது பிரிவுத் தடுப்புக்காவல் உத்தரவுக்குப் பாதுகாப்பு அமைச்சரின் கையொப்பம் போதும். ஒரு தடவைக்கு மூன்று மாதம், உச்சவரம்பு 18 மாதம். 2022 திருத்தம் அதை 12 மாதமாகக் குறைத்தது. பாதுகாப்பு அமைச்சை ஜனாதிபதியே வைத்திருக்கும்போது, கையொப்பமிடுபவரும் நிறைவேற்று அதிகாரத்தின் தலைவரும் ஒருவரே.

பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் 12 ஆவது பிரிவும் அப்படித்தான். பொது ஒழுங்கைப் பேண முப்படையினரை அழைக்கும் இந்தக் கட்டளைக்கு அவசரகாலப் பிரகடனம் வேண்டியதில்லை, நாடாளுமன்ற அங்கீகாரமும் வேண்டியதில்லை. ஆயுள் ஒரு மாதம். 2011 க்குப் பின் வந்த ஜனாதிபதிகள் இதைப் பழக்கமாகவே வெளியிட்டு வந்தார்கள். 2024 செப்டெம்பரில் அநுரகுமார திசாநாயக்க பதவியேற்ற சில நாட்களுக்குள்ளும் அதே வர்த்தமானி வெளிவந்தது.

நாடாளுமன்றத்தின் அதிகாரம் நமக்குச் சம்பந்தமில்லாத கொழும்பு விவகாரம் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 ஒக்டோபர் 26 இல் மைத்திரிபால சிறிசேன திடீரென மஹிந்தவைப் பிரதமராக்கினார். நவம்பர் 9 இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நான்கரை ஆண்டுகளுக்கு முன் அப்படிக் கலைக்க முடியாது என டிசம்பர் 13 இல் உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். ஜனாதிபதியின் கையைக் கட்டிய அந்தத் தீர்ப்பு, சட்டப் புத்தகங்களில் சம்பந்தன் எதிர் சட்டமா அதிபர் என்றே இருக்கிறது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் இரா. சம்பந்தன்.

நீதிமன்றம் வந்து சேரும் வேகம் வேறு கதை. 2022 ஜூலை 17 இல் பதில் ஜனாதிபதியாக ரணில் விக்ரமசிங்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்தார். நாடாளுமன்றம் அதை 120 க்கு 63 என அங்கீகரித்தது. அந்தப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது 2025 ஜூலையில். பிரகடனம் காலாவதியாகி ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.