இங்கினியாகலையும் ஓர் அரிசி ஆலையும்

பெரும்போக அறுவடை முடிந்த கையோடு வரிப்பத்தான்சேனையிலிருந்து ஒரு நண்பர் தொலைபேசியில் அழைத்தார். வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பணத்தில் அரிசி ஆலை தொடங்குகிறார். “நானா, மெசினுக்கு முற்பணம் கட்டப் போறன். முப்பது குதிரைவலுவா, ஐம்பதா? கரண்ட் எடுக்கிறதுக்கு எது நல்லம்?” என்று கேட்டார். கலைப் பட்டதாரியிடம் கேட்கும் கேள்வியா இது? எனினும் பழைய குறிப்பேடுகளைப் புரட்டினேன்.

இலங்கையில் நீர்மின்சாரக் கனவைக் கண்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. 1918இல் அவர் அதுபற்றி ஆய்வுரை வாசித்தார். லக்சபான முதற்கட்டம் இயங்கத் தொடங்கியதோ 1950இல். இடையில் கழிந்த முப்பத்திரண்டு ஆண்டுகளுக்குத் தொழில்நுட்பத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

கிழக்கின் கதை வேறு. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. நம்மவர் பட்டிப்பளை ஆறு என்றழைத்த நதியை இங்கினியாகலையில் மறித்து, அமெரிக்காவின் மொரிசன் நட்சன் நிறுவனம் அணை கட்டியது. சேனநாயக்க சமுத்திரம் அப்படித்தான் உருவானது. அத்திட்டத்தின் குடியேற்றங்கள் மாவட்டத்தின் அரசியலையும் நில உறவுகளையும் எவ்வாறு மாற்றின என்பது தனியே எழுதவேண்டிய விடயம். 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. 1963இல் அணையடியில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன் கொள்ளளவு 11.25 மெகாவாட்.

இந்நிலையத்தின் விசித்திரம், அது மின்தேவைக்காக நீர் திறப்பதில்லை என்பதே. வயலுக்கு நீர் விடும்போதுதான் சுழலிகள் ஓடும். கதிர் முற்றி வாய்க்கால் அடைக்கப்படும் வேளையில், அதாவது ஆலைகள் நெல்லைக் குற்றத் தொடங்கும் காலத்தில், அயலிலுள்ள மின்நிலையம் ஓய்ந்துகிடக்கும். தேசிய மின்வலையமைப்பு இருப்பதால் ஆலைக்காரர் அதை உணர்வதில்லை. 1969இல் உருவான இலங்கை மின்சார சபை அந்த வலையை நாடெங்கும் விரித்தது. அச்சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிப்பதற்கு 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது.

இனி நண்பரின் கேள்விக்கு வருவோம். கட்டண அட்டவணையில் கைத்தொழில் நுகர்வோரைப் பிரிக்கும் கோடு 42 கிலோ வோல்ட் அம்பியர். இந்த 42 எங்கிருந்து வந்தது என்று நெடுநாள் யோசித்ததுண்டு. 400 வோல்ட் மும்முனை இணைப்பில் 60 அம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 41.6 வரும், கணக்கு அவ்வளவுதான். முப்பது குதிரைவலு மோட்டார், திறன் இழப்பையும் வலுக்காரணியையும் சேர்த்தால், சுமார் 31 ஆகும். ஐம்பது என்றால் 52ஐத் தொடும்.

கோட்டைத் தாண்டினால் நுகர்ந்த அலகுகளுக்கு மட்டுமன்றி, மாதத்தின் உச்சக் கேள்விக்கும் தனியே பணம் கட்டவேண்டும். பதினைந்தே நிமிடம் எல்லா இயந்திரங்களையும் ஒன்றாக ஓட்டினாலும் அந்த மாதம் முழுவதற்கும் அதுவே கணக்கு. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை அலகின் விலையும் கூடும். அருகிலுள்ள மின்மாற்றி போதாவிட்டால் புதியது வைக்கும் செலவும் மதிப்பீட்டில் ஏறலாம். அறுவடைக் காலத்தில் மட்டும் முழுமூச்சாக ஓடி, மற்ற மாதங்களில் அரைவயிற்றோடு இருக்கும் சிற்றாலைக்கு இது சின்ன விடயமல்ல. வெளிநாட்டில் உழைத்த காசு இப்படியும் கரையும்.

இதையெல்லாம் சொல்லி, இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுமுன் பட்டயப் பொறியியலாளர் ஒருவரிடம் சுமைக் கணக்கை எழுதி வாங்கும்படி கேட்டுக்கொண்டேன். மோட்டாரைத் தொடக்கும் கணத்தில் அது இயல்பைவிட ஐந்தாறு மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்பதால் தொடக்கிச் சாதனத்தையும் அவரிடமே விசாரிக்கச் சொன்னேன்.

நண்பர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பிறகு, “அப்ப முப்பதோட தொடங்குவம். உமி ஊதிற காற்றாடியும் கிணத்து மோட்டாரும் இந்தக் கணக்கில சேருமா நானா?” என்றார்.

சேரும் என்றேன்.