பழைய தூணுக்கு ஒரு காபன் சட்டை

காபன் ஃபைபர் எண்டு சொன்னவுடனே எங்களுக்கு ஞாபகம் வாறது ரேஸ் கார்தான். அது பிழையில்லை. 1981 இல் மக்லாரன் அணி காபன் நாரால் செய்த உடற்கூட்டோடு ஃபோர்முலா 1 பந்தயத்துக்கு வந்தது. விமானம், சைக்கிள், ரெனிஸ் மட்டை எண்டு நீளும் அந்த வரலாறு முழுக்கப் புதுப் பொருட்களின் வரலாறு. நாங்கள் இங்க கதைக்கப்போறது, பழைய கட்டுமானங்களுக்கு மேல் அதை ஒட்டிய வரலாற்றை.

1960களின் தொடக்கத்தில் யப்பானின் ஒசாக்காவில், அரச ஆய்வுகூடமொன்றில் இருந்த அக்கியோ ஷிண்டோ, சுவெற்றர் பின்னும் அக்ரிலிக் வகை நாரைச் சூடாக்கி உறுதியான காபன் நாரை எடுத்தார். உருக்கை விடப் பாரம் நல்லாக் குறைவு, இழுத்தால் உருக்கை விடப் பலம், துருவும் பிடிக்காது. ஆனால் விலையோ பயங்கரம். அதனால் கட்டடக்காரர் கனகாலம் அதைத் தொடவில்லை.

மாற்றம் ஒரு விபத்தால் வந்தது. சுவிற்சர்லாந்தின் லூசேர்னுக்கு அருகிலுள்ள இபாக் பாலத்தில், சமிக்ஞை விளக்குப் பொருத்தத் துளை போட்டபோது, உள்ளே பாலத்தைத் தாங்கிய இழுவிசைக் கம்பிக் கற்றை சேதமானது. 1991 இல் உர்ஸ் மையரின் எம்பா ஆய்வு நிறுவனத்து முறைப்படி, பாலத்தின் அடிப்பக்கத்தில் 2 மில்லிமீற்றருக்கு மேற்படாத தடிப்பில் காபன் பட்டிகளை ஒட்டினார்கள். உருக்குத் தகடு எண்டால் 175 கிலோ வேணும். காபன் 6.2 கிலோ போதுமாயிருந்தது. பொருளின் விலை கூட, ஆனால் சாரம் கட்டிப் பாரம் தூக்கும் செலவு மிஞ்சியது.

பிறகு, 1995 ஜனவரி 17. ஷிண்டோவின் ஒசாக்காவுக்கு அயல் நகரான கோபேயில் நிலநடுக்கம். 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹன்ஷின் அதிவேக வீதியின் 600 மீற்றருக்கும் கூடிய பகுதி பக்கவாட்டில் சரிந்து விழுந்தது. அந்தக் காலத்து விதிப்படி கட்டின தூண்களில் குறுக்கு வளையக் கம்பிகள் போதவில்லை. நிலம் உலுப்பினால் கொங்கிறீற் வெடித்து உதிரும், உள்ளேயுள்ள நெடுங்கம்பிகள் வளையும். யப்பான் முழுக்க அப்படிப்பட்ட தூண்கள் ஏராளம். எல்லாவற்றையும் இடித்துக் கட்ட ஏலுமா? உருக்கு உறை, கொங்கிறீற் உறை என்பவற்றோடு காபன் துணியும் அப்போதுதான் பரவலாக வேலைக்கு வந்தது.

முறை கேட்கச் சுகமாய் இருக்கும். தூணின் மேற்பரப்பை உரஞ்சித் துப்புரவாக்கி, கூரான மூலைகளை உருட்டி எடுக்கவேணும். இல்லாட்டி அந்த மூலையே நாரை அறுத்துவிடும். பிறகு எப்பொக்சிப் பசை பூசி, நார்கள் தூணைச் சுற்றி ஓடும்படி துணியைச் சுத்தி, உருளையால் காற்றுக்குமிழை வெளியேற்றி, மேலே திரும்பவும் பசை. பாலத்தின் அடியில் ஒட்டும் பட்டிகளில் பெரும்பாலும் நாரை விட ஒட்டுத்தான் முதலில் தோற்கும். அதனால் துப்புரவாக்கும் வேலையில் அவசரப்பட்டால் முழுச் செலவும் வீண்.

கார்ப் பாகங்களுக்கு அழகுக்காகக் காபன் துணி ஒட்டுபவர்கள் செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அவர்கள் நெசவு தெரியட்டும் எண்டு மினுக்குவார்கள், தூணுக்கோ மேலே பெயின்ற் அடித்து மூடிவிடுவார்கள். வரலாறு படிக்கிற எங்களுக்கு இது ஒரு கேள்வியை வைக்குது. பாலம் திறந்தவரின் பெயர் கல்லில் இருக்கும். அதை விழாமல் காப்பாற்றியவர்களின் வேலையை எங்கே தேடுவது? பராமரிப்பு ஆவணங்களையும் வரலாற்று மூலங்களாக வாசிக்கப் பழகினால், எங்கட தேடலை அங்கிருந்தும் தொடங்கலாம்.